குஞ்சின் முதல் தீவனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நன்னீர் மீன் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்களில் என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். முட்டையிலிருந்து வெளிவந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பை வற்றி, வாயால் உண்ணத் தொடங்கும் பருவத்தைத்தான் இப்பகுதி முழுவதும் 'நுண்குஞ்சு' என்கிறோம்.

கேள்வி: கெண்டை நுண்குஞ்சுகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து 45 சதவீதம் புரதம் உள்ள தூள் தீவனம் போடுகிறேன். கொத்தித் தின்கின்றன, வயிறும் நிறைந்து தெரிகிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் முக்கால்வாசி செத்துவிடுகின்றன. புரதத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம். உங்கள் குஞ்சுகள் வயிறு நிறைந்த நிலையிலேயே பட்டினியால் சாகின்றன.

வளர்ந்த மீனுக்கும் நுண்குஞ்சுக்கும் உள்ள பெரிய வேறுபாடு குடலில் இருக்கிறது. நுண்குஞ்சின் குடல் ஏறக்குறைய நேரான, குட்டையான குழாய். உள்ளே போன இரை வெகு சீக்கிரம் வெளியே வந்துவிடும். இரைப்பை இல்லாததால் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் சுரப்பதில்லை. கெண்டை இனங்களுக்கு ஆயுள் முழுக்கவே இரைப்பை கிடையாது. கெளுத்தி, விரால் போன்றவற்றுக்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதுவரை கணையம் சுரக்கும் டிரிப்சின் போன்ற சில நொதிகளை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். வெந்து காய்ந்து இறுகிப்போன மீன் தூளின் புரதத்தை அந்த நொதிகளால், அந்தச் சிறு அவகாசத்துக்குள் உடைக்க முடிவதில்லை. சாக்கில் 45 என்று அச்சிட்டிருந்தாலும் குஞ்சின் உடலில் சேருவது அதில் சொற்பமே.

ரோட்டிஃபர் (நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்), மொய்னா (ஒரு வகை நீர்த்தெள்ளு), ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை) போன்ற உயிர்த்தீவனங்களில் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்தான். அவற்றின் புரதத்தில் ஒரு பகுதி தனி அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பதால் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். 'உயிர்த்தீவனத்தில் உள்ள நொதிகளே குஞ்சுக்கு இரையைச் செரித்துக் கொடுக்கின்றன' என்ற பேச்சு பரவலாக உண்டு. அளந்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பங்கு மிகச் சிறியது என்றே தெரிந்தது. குஞ்சின் சொந்த நொதிகளே பெரும் வேலையைச் செய்கின்றன. அதனால் நொதிப் பொடியைத் தீவனத்தில் கலந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தீவனம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து 10 குஞ்சுகளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பாருங்கள். உடல் கண்ணாடி போல இருப்பதால் குடல் நன்றாகத் தெரியும். கழிவுத் துளைக்கு அருகே உள்ள தீவனம், போட்ட நிறத்திலேயே துகள் துகளாக இருந்தால் அது செரிக்காமலே வெளியேறுகிறது என்று பொருள்.

கெண்டைக் குஞ்சு சுமார் 15 மில்லிகிராம் எடைக்கு வரும்வரை உயிர்த்தீவனமே முதன்மையாக இருக்கட்டும். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் நீரில், இரை தட்டில்லாமல் கிடைத்தால் ஒரு வாரம் அல்லது பத்து நாளில் அந்த எடை வந்துவிடும். பிறகு தூள் தீவனத்துக்கு மாற்றலாம். திலாப்பியா, சால்மன், டிரவுட் ஆகியவற்றின் கதை வேறு. பெரிய மஞ்சள்கருப் பையோடு பிறந்து, அது தீருவதற்குள் குடல் ஓரளவு முதிர்ந்துவிடுவதால் அவை முதல் வாயிலேயே உலர் தீவனத்தை ஏற்கும்.

கேள்வி: எந்தக் குஞ்சுக்கு எந்த அளவு இரை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: வாயை அளந்துதான். மேல்தாடையின் நீளத்தை நுண்ணோக்கியில் அளந்து 1.4 ஆல் பெருக்குங்கள். தாடைகள் செங்கோணத்தில் திறக்கும்போது வாயின் அகலம் அதுதான். இரையின் பருமன் அதில் கால் பங்கு முதல் பாதி வரை இருக்கலாம். மேல்தாடை 0.3 மில்லிமீட்டர் என்றால் வாய் 0.42 மில்லிமீட்டர், இரை 105 முதல் 210 மைக்ரானுக்குள் (ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான்) இருக்க வேண்டும்.

நன்னீர் ரோட்டிஃபர் 100 முதல் 250 மைக்ரான் வரை இருக்கும். இந்த வாய்க்குப் பொருத்தம். புதிதாகப் பிறந்த மொய்னா சுமார் 400 மைக்ரான், பொரித்தவுடன் ஆர்டீமியா 400 முதல் 500 மைக்ரான். வளர்ந்த மொய்னா ஒரு மில்லிமீட்டரை நெருங்கும், இன்னொரு நீர்த்தெள்ளான டாஃப்னியா அதையும் தாண்டும். மொய்னாவும் ஆர்டீமியாவும் மென்மையாக வளைந்து கொடுப்பதால் கணக்கைவிடச் சற்றுப் பெரியதையும் குஞ்சு விழுங்கிவிடும். உலர் துகள் வளையாது. அதில் கணக்கை மீறாதீர்கள். மிகச் சிறியதும் நஷ்டமே. 50 மைக்ரான் தூசியைத் துரத்தித் துரத்திப் பிடிக்கச் செலவாகும் சக்திகூட அதிலிருந்து திரும்பக் கிடைக்காது.

வாய் தினமும் பெரிதாகிறது. ஒரு முறை அளந்ததை வைத்து மூன்று வாரம் ஓட்டாமல், நான்கு நாளைக்கு ஒருமுறை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்டீமியா முட்டை பாதிகூடப் பொரிப்பதில்லை. பொரித்ததையும் தொட்டியில் விட்டால் சிறிது நேரத்தில் அடியில் செத்துக் கிடக்கிறது. ஓடுகள் கலந்து போய்க் குஞ்சுகளும் சாகின்றன.

பதில்: மூன்று தனித்தனிக் குறைகள். முதலில் பொரிப்பு.

அடிப்பகுதி கூம்பாக உள்ள பாத்திரம் வேண்டும். தட்டையான அடியில் மூலைகளில் முட்டை தங்கி, காற்றில்லாமல் கெட்டுவிடும். ஒரு லிட்டர் நீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, 2 கிராம் முட்டை. அதற்கு மேல் திணிக்க வேண்டாம். வெறும் உப்புக் கரைசலில் பொரிக்கும்போது நீரின் காரத்தன்மை இறங்கிவிடுவதுதான் பலரும் கவனிக்காத குறை. பி.எச். அளவு 8க்குக் கீழே போனால் ஓட்டை உடைக்கும் நொதி மந்தமாகும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் சமையல் சோடா சேர்த்தால் அது நிலைக்கும். வெப்பம் 28 டிகிரி. முட்டை நீரில் ஊறும் முதல் சில மணி நேரம் பிரகாசமான வெளிச்சம் கட்டாயம். இருட்டில் வைத்த முட்டை உறக்கத்திலேயே கிடக்கும். ஒரு முட்டைகூட அடியில் தங்காத அளவுக்குக் காற்று வேகமாகப் போக வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து 24 மணி நேரத்தில் பொரிப்பு குறைவாக வந்தால் முட்டை ஈரம் பட்டுப் பழசாகியிருக்கிறது.

அடுத்து ஓடு பிரித்தல். காற்றை நிறுத்திவிட்டு, பாத்திரத்தின் மேல் பகுதியைத் துணியால் மூடி, அடியில் விளக்கு வையுங்கள். 5 முதல் 10 நிமிடத்தில் ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும், ஆர்டீமியாக் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அதற்குச் சற்று மேலே கூடும். அடிக்குழாயைத் திறந்து முதலில் வரும் பொரிக்காத முட்டையைக் கொட்டிவிட்டு, அடுத்து வரும் ஆரஞ்சு நிறக் கூட்டத்தை 120 மைக்ரான் வலைத்துணியில் பிடித்து நன்னீரில் அலசுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் காற்றில்லாமல் வைத்தால் அந்த நெரிசலில் அவை மூச்சுத் திணறிச் சாகும். ஓடு மீன் குஞ்சின் குடலை அடைத்துக்கொள்ளும், செரிக்கவே செரிக்காது. அதனால் இந்தப் படியில் அவசரம் கூடாது.

மூன்றாவதாக, நன்னீரில் சாவது ஆர்டீமியாவின் இயல்பு. 30 முதல் 60 நிமிடம்தான் அது நீந்தும். நாளைக்கு இரண்டு வேளை அள்ளிப் போடுவதை விட்டு, பகலில் 5 அல்லது 6 வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரம் கழித்து அடியில் ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் அளவு கூடிவிட்டது. அதை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மீன் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சரியாகத் தின்றிருக்கிறது. இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை.

கணக்கு வேண்டுமென்றால்: நல்ல முட்டை ஒரு கிராமில் 2 முதல் 3 லட்சம் குஞ்சுகள் வரும். 10,000 நுண்குஞ்சுகளுக்குத் தலைக்கு 100 வீதம் 10 லட்சம்; அதாவது 4 அல்லது 5 கிராம் முட்டை. மீன் குஞ்சு வளர வளர இதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பொரித்து 8 மணி நேரம் வாக்கில் ஆர்டீமியா ஒருமுறை தோலுரித்து அடுத்த நிலைக்குப் போகும். அப்போது அது பருத்து, வேகமாகி, சேமித்த சக்தியையும் இழந்திருக்கும். மாலைக்கு வேண்டியதைக் காலையிலேயே எடுத்து, மெல்லிய காற்றோடு 4 டிகிரி குளிரில் வைத்தால் ஒரு நாள் வரை சத்து பெரிதாகக் குறையாது.

கேள்வி: ஓடு நீக்கிய ஆர்டீமியா முட்டையை நேரடியாகத் தீவனமாகப் போடலாமா? நீக்குவது எப்படி?

பதில்: போடலாம். 200 முதல் 250 மைக்ரான் அளவில், பொரித்ததைவிடச் சிறியதாகவும், பொரிப்பதில் சக்தியை இழக்காததாகவும் இருப்பதால் நன்னீர்க் குஞ்சுகளுக்கு இது மிக நல்ல இரை. மூழ்கிவிடும் என்பதுதான் குறை. அடியில் மேயும் கெளுத்திக் குஞ்சுக்கு அது குறையே அல்ல; நடுநீரில் மேயும் கெண்டைக்கு மெல்லிய காற்றோட்டத்தால் சுழலவிட வேண்டும்.

10 கிராம் முட்டையை நன்னீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். 10 சதவீதம் குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் 50 மில்லி, சோடியம் ஹைட்ராக்சைடு 1.5 கிராம், மீதி நீர் சேர்த்து மொத்தம் 140 மில்லி கரைசல். முட்டையை அதில் போட்டு விடாமல் கலக்க வேண்டும். பழுப்பு நிறம் சாம்பலாகி, பிறகு ஆரஞ்சாக மாறும். 5 முதல் 15 நிமிடம் ஆகும். வினை நடக்கும்போது சூடேறும். 40 டிகிரியைத் தாண்டினால் கரு செத்துவிடும் என்பதால் பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் செய்யுங்கள். ஆரஞ்சு வந்தவுடன் வடிகட்டி, குளோரின் வாடை போகும்வரை ஓடும் நீரில் அலசி, 0.1 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசலில் ஒரு நிமிடம் வைத்து மறுபடி அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அமிலம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குளோரினோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கேள்வி: மொய்னா வளர்ப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடுகிறது.

பதில்: பெரும்பாலும் ஈஸ்ட் கூடியிருக்கும், அல்லது அறுவடை குறைந்திருக்கும். 1,000 லிட்டர் தொட்டிக்குத் தொடக்கத்தில் 25 முதல் 35 கிராம் ரொட்டி ஈஸ்ட் போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள். நீர் லேசாகக் கலங்கித் தெரிய வேண்டும். அது தெளிந்த பிறகே அடுத்த வேளை. தெளியாமல் வெள்ளையாகவே நின்றால் மொய்னா தின்று தீர்க்கவில்லை, பாக்டீரியா பெருகுகிறது, இரவில் ஆக்சிஜன் இறங்கும். உங்கள் தொட்டி இரவில் காலியாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

காற்றோட்டம் வேண்டும், ஆனால் நுண்ணிய குமிழிகள் கூடாது. அவை மொய்னாவின் ஓட்டுக்குள் சிக்கி, அதை மேலே மிதக்கவைத்துக் கொன்றுவிடும். காற்றுக்கல்லைக் கழற்றிவிட்டு வெறும் குழாயிலிருந்து பெரிய குமிழியாக மெல்ல விடுங்கள். நீர் ஆழம் 40 முதல் 50 சென்டிமீட்டர் போதும். லிட்டருக்கு 25 மொய்னா வீதம் விதைத்தால் 24 முதல் 31 டிகிரியில் 5 முதல் 10 நாளில் உச்சத்துக்கு வரும். மில்லிக்கு 10 முதல் 15 என்ற அளவு தெரிந்ததும், நாள்தோறும் நாலில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சேர்த்து வைப்போம் என்று விட்டால் நெரிசலில் சரியும்.

முதுகில் கருத்த சேணம் போன்ற முட்டைப் பையோடு சில மொய்னாக்கள் தெரிந்தால் அது எச்சரிக்கை. வளர்ப்பு நெருக்கடியில் இருக்கிறது. அன்றே பாதி நீரை மாற்றி, வேறு தொட்டியில் புதிதாக விதைத்துவிடுங்கள். எப்போதும் இரண்டு மூன்று தொட்டிகளைச் சில நாள் இடைவெளியில் ஓட்டுவதே பாதுகாப்பு. ஈஸ்ட் மட்டும் தின்ற மொய்னாவில் நல்ல கொழுப்பமிலங்கள் குறைவு. குஞ்சுகளுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் பச்சைப் பாசி நீரில் விட்டெடுப்பது நல்லது.

கேள்வி: நுண்குஞ்சுகளை விட்டு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் பிண்ணாக்கும் தவிடும் தூவினால் தனியாக உயிர்த்தீவனம் தேவையா?

பதில்: 10 லட்சம் கெண்டை நுண்குஞ்சின் மொத்த எடையே சுமார் 1.4 கிலோ. வழக்கமான பரிந்துரையோ பிண்ணாக்குத் தூளும் தவிடும் சம அளவில் கலந்து முதல் 5 நாள் நாளொன்றுக்கு 6 கிலோ, பிறகு 12 கிலோ. தன் எடையைப் போல நான்கு மடங்கை எந்தக் குஞ்சும் தின்னாது. அந்தத் தூளில் பெரும்பகுதி குளத்துக்கு உரமாகி, பாக்டீரியாவாகவும் ரோட்டிஃபராகவும் மாறித்தான் குஞ்சின் வாய்க்குப் போகிறது. உயிர்த்தீவனம் இல்லாத குளத்தில் தூள் மட்டும் தூவினால் நீர் கெடுமே தவிரக் குஞ்சு வளராது.

இதில் நாள் பார்ப்பது முக்கியம். உரமிட்டு நீர் நிரப்பிய குளத்தில் முதலில் ரோட்டிஃபர் வரும், பிறகு மொய்னா, டாஃப்னியா, கடைசியாகத் துடுப்புக்காலிகள் என்ற நுண் உயிர் வகையைச் சேர்ந்த சைக்ளாப்ஸ் கூட்டம். ரோட்டிஃபர் பெருகியிருக்கும்போது குஞ்சு இறங்க வேண்டும். வெப்பமான பருவத்தில் அது நீர் நிரப்பிய 4 முதல் 7 நாட்களுக்குள். இரண்டு வாரம் தாமதித்தால் சைக்ளாப்ஸ் குஞ்சுகளையே கடித்துக் குதறும். மிதவை நுண்ணுயிர்களைப் பிடிக்கும் நுண்ணிய பிளாங்க்டன் வலையில் 50 லிட்டர் குளத்து நீரை வடித்து, சில சொட்டு ஃபார்மலின் விட்டுக் குழாயில் தெளியவிடுங்கள். 1 முதல் 2 மில்லி படிந்தால் இரை போதும். ஆனால் அளவோடு நிற்காமல் அது எந்த உயிர் என்பதையும் நுண்ணோக்கியில் பாருங்கள்.

நீர்ப்பூச்சிகளைக் கொல்ல எண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பவர்கள் அந்தப் படலம் முழுதாகக் கலைந்த பிறகே குஞ்சு விட வேண்டும். காரணம் கீழே காற்றுப்பை பற்றிய பதிலில் இருக்கிறது. பூஞ்சை வாடை வரும் பிண்ணாக்கைக் கழித்துவிடுங்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு வெயிலில் உலர்த்துவதால் போகாது.

கேள்வி: அவித்த முட்டையின் மஞ்சள்கரு கொடுக்கலாமா?

பதில்: உயிர்த்தீவனம் கைக்கு வராத ஓரிரு நாளைச் சமாளிக்கலாம். ஒரு லட்சம் குஞ்சுக்கு ஒரு மஞ்சள்கருவைத் துணியில் கட்டி நீரில் பிழிந்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மிஞ்சியது ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். அதையே வாரக்கணக்கில் தொடர்ந்தால் அம்மோனியாவாலேயே குஞ்சு போய்விடும்.

கேள்வி: உயிர்த்தீவனத்திலிருந்து உலர் தீவனத்துக்கு மாற்றும் பருவத்துக்கான நுண்துகள் தீவனத்தை நாங்களே தயாரிக்க ஒரு கலவை சொல்லுங்கள்.

பதில்: ஒரு கிலோவுக்கு: உப்புக் குறைந்த நல்ல மீன் தூள் 450 கிராம், ஈஸ்ட் தூள் 150, முழு முட்டைப் பொடி 100, இறால் தூள் 100, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 60, கோதுமை மாவு 30, ஜெலட்டின் 30, மீன் எண்ணெய் 20, சோயா லெசித்தின் 20, வைட்டமின் கலவை 20, தாதுக் கலவை 20. புரதம் ஏறத்தாழ 49 சதவீதமும் கொழுப்பு 13 சதவீதமும் வரும்.

லெசித்தினை விட்டுவிடாதீர்கள். கெண்டைக் குஞ்சு தனக்கு வேண்டிய, லெசித்தினில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையைப் போதிய வேகத்தில் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது; தீவனத்தில் சுமார் 2 சதவீதம் இருந்தால் வளர்ச்சியும் பிழைப்பும் கூடுகின்றன, உடல் கோணலும் குறைகிறது.

அரைப்பதில்தான் பாதி வெற்றி. 200 மைக்ரான் துகளில் 300 மைக்ரான் மீன் தூள் எப்படி அடங்கும்? எல்லா உலர் பொருளும் 100 மைக்ரான் சல்லடையில் விழ வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஒரு துகள் வெறும் மீன் தூளாகவும் இன்னொன்று வெறும் மாவாகவும் இருக்கும். ஒவ்வொரு குஞ்சும் வேறு வேறு தீவனம் தின்னும்.

வைட்டமின் தவிர்த்த உலர் பொருள்களை நன்றாகக் கலந்து, எண்ணெயில் கரைத்த லெசித்தினைச் சேர்த்துப் பிசறுங்கள். 350 முதல் 400 மில்லி நீரை 65 டிகிரிக்குச் சூடாக்கி ஜெலட்டினைக் கரைத்து ஊற்றிப் பிசையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே வைட்டமின் கலவை. தட்டில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 50 டிகிரிக்கு மேல் போகாமல், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். நேரடி வெயில் வைட்டமினைத் தின்றுவிடும். ஒடித்தால் மொறமொறவென்று உடையும் பதம் வந்ததும் அரைத்து, 100 முதல் 200, 200 முதல் 400, 400 முதல் 600 மைக்ரான் என மூன்று ரகமாகச் சலியுங்கள். 100க்குக் கீழே விழும் தூசியைத் தொட்டியில் போடாமல் அடுத்த முறை மாவில் சேர்த்துக்கொள்ளலாம். காற்றுப் புகாத டப்பாவில், குளிரில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காறல் வாடை வந்த மீன் எண்ணெய்த் தீவனம் நஞ்சுக்குச் சமம்.

நீரில் கரைகிறதா என்று பார்க்க, ஒரு கிராமை 100 மில்லி நீரில் மெல்லக் கலக்கி 10 நிமிடம் கழித்து வடித்து உலர்த்தி நிறுங்கள். கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அரைப்பு போதவில்லை, அல்லது ஜெலட்டின் போதவில்லை. துகள் சிறியதாக ஆக, எடைக்கு உரிய மேற்பரப்பு பெருகிக்கொண்டே போவதால் அமினோ அமிலமும் நீரில் கரையும் வைட்டமினும் நிமிடக் கணக்கில் வெளியேறும். அதற்காகப் பசைப்பொருளை அள்ளிக் கொட்டவும் கூடாது. நீரில் கரையாத அளவுக்கு இறுகிய துகள் குடலிலும் கரையாது. இந்த இரண்டுக்கும் நடுவே பிடிப்பதுதான் நுண்தீவனத் தயாரிப்பின் நுட்பமெல்லாம்.

கேள்வி: கெளுத்திக் குஞ்சை உலர் தீவனத்துக்கு மாற்றும்போது ஒன்றையொன்று கடித்துத் தின்கின்றன.

பதில்: ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 28 டிகிரியில், உண்ணத் தொடங்கிய நாலைந்து நாளில் இரைப்பை வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன் மாற்றாதீர்கள். முதல் 4 நாள் ஆர்டீமியா மட்டும். 5ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் குஞ்சு பசியோடு இருக்கும்போது முதலில் உலர் தீவனம், 20 நிமிடம் கழித்து ஆர்டீமியா. வரிசையை மாற்றினால் வயிறு நிறைந்த குஞ்சு தூளைத் திரும்பியும் பார்க்காது. 7ஆம் நாள் ஆர்டீமியா பாதி, 9ஆம் நாள் இரவு வேளைக்கு மட்டும், 10ஆம் நாள் நிறுத்தலாம். குஞ்சின் எடையில் 20 முதல் 25 சதவீதம் உலர் தீவனத்தில் தொடங்கி, வளர வளர 10 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைப் பத்துப் பன்னிரண்டு வேளையாகப் பிரித்து, இருட்டிலும் கொடுங்கள். கெளுத்தி இரவில் உண்ணும் மீன்.

கடிப்பதற்குப் பசியும் அளவு வேறுபாடும் காரணம். தொட்டியில் ஓரிடத்தில் மட்டும் தீவனம் விழுந்தால் வலுத்தவை அங்கே காவல் இருந்து வளரும், மற்றவை மெலியும். பிறகு மெலிந்தவையே இரை. பரவலாகத் தூவுங்கள், வாரம் ஒருமுறை சல்லடைப் பெட்டியில் அளவு பிரியுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். வால் கடிபட்ட குஞ்சு தெரிந்த அன்றே பிரிக்க வேண்டும்.

கேள்வி: குஞ்சுகள் தலையை மேலே தூக்கித் துடித்து நீந்தி, நிறுத்தினால் மூழ்குகின்றன. சிலவற்றின் முதுகு வளைந்திருக்கிறது. வைட்டமின் சி போதவில்லை என்கிறார்கள்.

பதில்: வைட்டமின் சி குறைந்தாலும் முதுகு வளையும், செவுள் சிதையும், வால் துடுப்பு அரிக்கும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் தயாரிப்பிலும் நீரிலும் அழிந்துவிடுவதால் பாஸ்பேட் வடிவில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறியில் தலைதூக்கி நீந்துவது முதலில் வந்து, வளைவு பிறகு வந்திருந்தால் சந்தேகிக்க வேண்டியது மீன் மிதக்க உதவும் காற்றுப்பை.

பல இனக் குஞ்சுகள் உண்ணத் தொடங்கும் நாட்களில் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கித்தான் காற்றுப்பையை நிரப்பிக்கொள்கின்றன. தீவனத்திலிருந்து பிரியும் எண்ணெய் மேலே மெல்லிய படலமாகப் படர்ந்தால் குஞ்சால் அதை முட்டித் துளைக்க முடியாது. அந்தச் சில நாள் கடந்துவிட்டால் பை நிரம்பவே நிரம்பாது. மூழ்காமலிருக்க எந்நேரமும் துடித்து நீந்தி முதுகு வளைந்துவிடும். உறிஞ்சும் தாளை நீர்மேல் விரித்து எடுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வரும். காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள். நீர்மேல் மெல்லிய தூறலாக நீர் தெளிப்பதும் படலத்தை உடைக்கும். நுண்ணோக்கியில் தலைக்குப் பின்னால் பளிச்சென்ற குமிழி தெரியாத குஞ்சுகள் எத்தனை என்று 20 குஞ்சுகளில் எண்ணினாலே நோய் எது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு தீவனங்களில் எது சிறந்தது என்று நம்பகமாகச் சோதிக்க வேண்டும். எப்படி?

பதில்: ஒவ்வொரு தீவனத்துக்கும் மூன்று தொட்டி. கூடவே ஆர்டீமியா மட்டும் கொடுக்கும் மூன்று, ஒன்றுமே கொடுக்காத மூன்று. பட்டினித் தொட்டி வீண் என்று தோன்றும். ஆனால் உங்கள் தீவனத் தொட்டியில் குஞ்சுகள் பட்டினித் தொட்டியைவிட இரண்டு நாள் மட்டுமே கூடுதலாக வாழ்ந்தன என்றால் அந்தத் தீவனத்தின் மதிப்பை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. எல்லாம் ஒரே தாய்மீனின் ஒரே நாள் குஞ்சுகளாக, எண்ணி விட்டவையாக இருக்கட்டும். எந்தத் தொட்டிக்கு எந்தத் தீவனம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஜன்னலோரத் தொட்டிகள் எல்லாம் ஒரே தீவனத்துக்குப் போய்விடக் கூடாது.

15 முதல் 21 நாள் ஓட்டிப் பிழைத்தவற்றை எண்ணி, எடை போடுங்கள். நாள் வளர்ச்சி வீதம் காண, கடைசி எடையின் இயல் மடக்கையிலிருந்து (கணிப்பானில் ln) முதல் எடையின் இயல் மடக்கையைக் கழித்து, நாட்களால் வகுத்து 100 ஆல் பெருக்க வேண்டும். 2 மில்லிகிராம் குஞ்சு 15 நாளில் 60 மில்லிகிராம் ஆனால் நாளுக்கு 22.7 சதவீதம். எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பாதிக் குஞ்சு செத்த தொட்டியில் மீதிக்கு இடமும் இரையும் கூடுதலாகக் கிடைத்து, எடை நன்றாகவே தெரியும். ஒன்றையொன்று தின்னும் இனமென்றால் இன்னும் நன்றாகத் தெரியும். செத்தவற்றையும் காணாமல் போனவற்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். காணாமல் போனவை கூடினால் உங்கள் தீவனத்தைக் குஞ்சுகள் விரும்பவில்லை, பக்கத்துக் குஞ்சைத்தான் விரும்பியிருக்கின்றன.